தவளைகளுக்கு ஆயர் கொடுத்த அனுமதி

எங்கள் பதிப்பகத்தில் அக்கா என்றால் ஒருவர்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். இயக்குநராக இருக்கும் பாதிரியாரை நாங்கள் ஃபாதர் என்கிறோம், அவரும் அக்காவை அக்கா என்கிறார். ஒருமுறை துணைவேந்தரே தொலைபேசியில் அக்கா இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பக்க வடிவமைப்பாளர் இருக்கிறாரா என்று திருத்திக் கேட்டார். நான் இருக்கிறார் என்றேன். இரண்டு கேள்விக்கும் அது பொருந்தியது.

அக்காவின் வேலை, பேராசிரியர்கள் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவதைப் பக்கங்களாக ஆக்குவது. ஓரம் விடுவது, தலைப்பு வைப்பது, படங்களைப் பொருத்துவது, எல்லாவற்றுக்கும் மேலாக அடிக்குறிப்புகளை அடக்கி உட்கார வைப்பது. படித்தவர்கள் எழுதும் புத்தகத்தில் மேலே நாலு வரி என்றால் கீழே நாற்பது வரி இருக்கும். அதில் ஒரு வரி அடுத்த பக்கத்துக்கு வழிந்தாலும் அக்காவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அவர் வீட்டுக்காரர் மின்தூக்கி பழுது பார்ப்பவர். கல்யாணமான புதிதில் சினிமாவுக்குக் கூட்டிப் போனாராம். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அக்கா எழுந்து நின்று, எழுத்துக்கு நடுவே இடைவெளி சரியில்லை என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் இதை எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். சொல்லும்போது முகத்தில் பெருமை வழியும்.

நான் பிழை திருத்துபவன். என் மேசையும் அவர் மேசையும் எதிரெதிர். நான் வேலையில் நிரந்தரம், பத்தொன்பது வருடமாக. அக்கா தற்காலிகம், பதினொரு வருடமாக.

பதினொரு வருடம் ஒருவர் எப்படித் தற்காலிகமாக இருக்க முடியும் என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அக்காவுக்கு ஒரு கடிதம் வரும், உங்கள் பணி இன்றோடு முடிந்தது என்று. அடுத்த நாள் அவர் வேலையில்லாதவர். அதற்கும் மறுநாள் புதிதாகச் சேர்ந்தவர். அந்த நடுநாளில் அவருடைய அடையாள அட்டை செல்லாது. ஆனால் அக்கா வீட்டில் இருப்பவரா? வாசலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு உள்ளே வருவார். பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, என் கணினித் திரையை எட்டிப் பார்த்து, அந்த ஓரத்தை இரண்டு புள்ளி தள்ளுங்கள் என்பார். இப்படி இருபத்திரண்டு முறை என்னைப் பார்க்க வந்திருக்கிறார். என் சொந்த மாமியார்கூட அத்தனை முறை வந்ததில்லை.

பதிப்பகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நடந்த கூத்து புரியாது. ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பதிப்பகம் இது. எழுபத்தைந்து வருடத்துக்கு முன் மூன்று பாதிரியார்கள் பழைய குதிரை லாயத்தில் ஒரு கை அச்சுப்பொறியை வைத்து ஆரம்பித்தார்கள். முதலில் அடித்தது தேர்வுத் தாள்களும் பாட்டுத் தாள்களும்தான். பிறகு ஒரு பேராசிரியர், பழங்காலத்து உப்பு வணிகத்தைப் பற்றிப் பன்னிரண்டு வருடம் ஆராய்ந்து எழுதியதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏழு பதிப்பாளர்கள் அவரை வாசலோடு அனுப்பியிருந்தார்கள். மூன்று பாதிரியார்களில் மூத்தவர் அதைப் படித்துவிட்டு, விற்கிற புத்தகத்தை ஊரே அச்சடிக்கிறது, விற்காததை நாம் அச்சடிப்போம் என்றாராம். சொன்ன சொல் தவறவில்லை. முதல் பத்து வருடத்தில் அது நாற்பத்தோரு பிரதிகள் போனது. ஆனால் இன்றைக்கும் உப்பைப் பற்றி யார் எழுதினாலும் அந்தப் புத்தகத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

அன்றிலிருந்து இங்கே ஒரு நடைமுறை உண்டு. வரும் எழுத்தை, எழுதியவர் பெயரை எடுத்துவிட்டு, வெளியூர் அறிஞர் இருவருக்கு அனுப்புவோம். அவர்கள் சரி என்றால் புத்தகம். எழுதியவர் கோயிலுக்குப் போகிறவரா என்று யாரும் கேட்பதில்லை. இறையியல் புத்தகங்கள் மட்டும் கூடுதலாக ஆயரிடம் போகும். அவர் படித்து அனுமதி கொடுத்தால் அது நாலாம் பக்கத்தில் அச்சாகும். அதனால் எங்கள் விற்பனைப் பட்டியலில் புனிதர்களுக்குப் பக்கத்தில் பாம்புகள் வரும், திருச்சபைச் சட்டத்துக்குக் கீழே சாக்கடை வடிகால் வரும். பார்க்க வேடிக்கையாக இருக்கும். எனக்கு இந்த உலகத்திலேயே பிடித்த பட்டியல் அதுதான்.

எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு இரண்டு புத்தகங்கள் தயாராயின. ஒன்று வானதூதர்களைப் பற்றியது. பதினெட்டு வருடம் உழைத்து ஒரு பாதிரியார் எழுதியது. சிரித்தால் அபராதம் என்பதுபோல இருப்பார், எங்களுக்குள் அவர் பெயர் தூதர் ஃபாதர். இன்னொன்று மலைத் தவளைகளைப் பற்றியது. எழுதியவர் விலங்கியல் பேராசிரியர், நாங்கள் வைத்த பெயர் தவளையார். கடவுள் கிடையாது என்று அடித்துச் சொல்பவர். பல்கலைக்கழகத்துக் கோயிலைச் சுற்றிக்கொண்டுதான் வகுப்புக்குப் போவார், வாசற்படி வழியாகப் போனால் பத்து நிமிடம் மிச்சமாகும் என்றாலும். இரண்டு பேருக்கும் இருபது வருடமாகப் பேச்சு இல்லை. புத்தகங்கள் மட்டும் ஒரே அளவு, ஒரே நீல அட்டை.

எங்கள் வழக்கத்தில் நாலாம் பக்கம் கடைசியாகத்தான் செய்யப்படும். அனுமதிகளும் உரிமைக் குறிப்புகளும் அப்போதுதான் வந்து சேரும். அக்கா அந்தப் பக்கங்களை மட்டும் தனியாக அடித்து வைத்து, கடைசி நிமிடத்தில் அந்தந்தப் புத்தகத்தில் பொருத்துவார். பதினொரு வருடத்தில் ஒன்றுகூட மாறியதில்லை.

விழாவுக்குச் சில நாள் முன்பு ஒரு பிற்பகல் ஃபாதர் எங்கள் அறைக்கு வந்தார். அக்காவை நிரந்தரமாக்கும் கோப்பு துணைவேந்தர் மேசைக்குப் போய்விட்டது, விழா சனிக்கிழமை, கையெழுத்து திங்கட்கிழமை என்றார். அக்கா எழுந்து போய்க் கடையிலிருந்து ஒரு பெரிய பொட்டலம் மிட்டாய் வாங்கி வந்து, காவலாளி முதல் கிடங்கில் மூட்டை தூக்குபவர் வரை எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மூன்று. வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவே தொங்கிக்கொண்டு இருந்தாராம், அங்கிருந்தே கூவியது எனக்குக் கேட்டது. பிறகு அக்கா கன்னத்தில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு, இரண்டு நாலாம் பக்கங்களையும் பொருத்தினார். நானும் வாயில் மிட்டாயோடு இரண்டிலும் பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. நான் பார்த்தது அதை மட்டும்தான்.

சனிக்கிழமை காலை. பத்து மணிக்கு விழா, வெளியிடுபவர் ஆயர், ஒன்பதரைக்குப் புத்தகங்கள் மேடையில். அக்கா புதுப் புடவையில் வந்து, ஆளுக்கொன்று எங்கள் மேசைக்கும் எடுத்துவந்தார். எப்போதும் புதுப் புத்தகத்தைத் திறந்து முகர்ந்து பார்ப்பது அவர் பழக்கம். திறந்தார். முகரவில்லை. அப்படியே நின்றார்.

தவளைப் புத்தகத்தின் நாலாம் பக்கத்தில் இப்படி இருந்தது: இந்நூலில் விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் மாறானது எதுவும் இல்லை. அச்சிடலாம். கீழே சிலுவைக் குறி, ஆயரின் பெயர்.

வானதூதர் புத்தகத்தில்: இந்த ஆய்வுக்காகப் பிடிக்கப்பட்டவை அனைத்தும் அளந்து, எடை பார்த்து, படமெடுத்தபின், பிடித்த இடத்திலேயே உயிருடன் விடப்பட்டன. வனத்துறையின் அனுமதி பெறப்பட்டது.

எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அக்காவுக்கும் ஒரு கணம் உதடு துடித்தது. அடுத்த கணம் முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் எனக்கும் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது.

நான் கதவைச் சாத்தினேன். நாலாம் பக்கத்தை யாரும் படிப்பதில்லை என்றேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பக்கத்தைப் படித்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை. இன்றைக்குக் கைதட்டி எடுத்துப் போவார்கள், அலமாரியில் வைப்பார்கள், அவ்வளவுதான். திங்கட்கிழமை கையெழுத்து விழுந்த பிறகு நாமே கண்டுபிடித்ததுபோல் சொல்லி, அந்தத் தாளை வெட்டிவிட்டு வேறு தாளை ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு நாள் வாயைக் கட்டினால் போதும். நான் சொன்னது ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று இப்போதும் நினைக்கிறேன். நல்ல யோசனை என்று சொல்ல மாட்டேன்.

அக்கா மாட்டேன் என்று தலையாட்டினார். "ஒருத்தர் படிப்பார் சார். அவர் பேரு அதுல இருக்குல்ல. எடுத்ததும் அதைத்தான் தேடுவார். மேடையில அத்தனை பேருக்கு முன்னாடி அவர் தலை குனியணுமா?"

சொல்லிவிட்டு இரண்டு புத்தகத்தையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தார். கோப்பு அவருடையது, பதினொரு வருடம் அவருடையது, புதுப் புடவை அவருடையது. நான் நாற்காலியில் இருந்தேன். எழுந்திருக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. தேநீர் ஆறிவிட்டது என்று மட்டும் சொல்கிறேன். பிறகு ஓடினேன்.

விருந்தினர் அறையில் ஆயர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். ஆயரை நாங்கள் ஆண்டவரே என்றுதான் அழைப்போம். நான் உள்ளே நுழைந்தபோது அக்கா பேசிக்கொண்டிருந்தார்.

"ஆண்டவரே, ஒரு தப்பு நடந்துபோச்சு. நான்தான் பண்ணேன். மேடைக்குப் போறதுக்கு முன்னாடி நீங்க பாத்துடணும்."

நானும் பக்கத்தில் போய் நின்று, பார்த்தாயிற்று என்று போட்ட கையெழுத்து என்னுடையது என்றேன். ஆயர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். தவளைப் புத்தகத்தை வாங்கித் தம் பெயரைப் படித்தார். எதிர்ப் பக்கத்தில் மஞ்சள் வயிற்றோடு ஒரு தவளை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வானதூதர் புத்தகத்தைத் திறந்தார். உதடுகள் அசைந்தன. மறுபடி முதலிலிருந்து படித்தார். வனத்துறை வரை வந்ததும் பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. தோள் குலுங்கியது, கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது, மேசையைக் கையால் தட்டினார். புரையேறிவிட்டது என்று நினைத்து அவருடைய செயலர் தண்ணீரோடு ஓடிவந்தார். ஆயர் புத்தகத்தை அவரிடம் நீட்டினார். செயலர் படித்துவிட்டு அந்தத் தண்ணீரைத் தாமே குடித்தார்.

தூதர் ஃபாதரையும் தவளையாரையும் வரவழைத்தார்கள். தூதர் ஃபாதர் நின்றுகொண்டே படித்தார், எங்களுக்கு உயிர் கையில் இல்லை. பதினெட்டு வருட உழைப்பு. அவர் புத்தகத்தை மூடினார்.

"எடை பாத்தோம்ங்கறது தப்பு. வானதூதருக்கு எடை கிடையாது. நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல தெளிவா எழுதியிருக்கேன்."

மற்றதெல்லாம் என்று ஆயர் கேட்டார். பிடித்த இடத்திலேயே விட்டதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார் தூதர் ஃபாதர். சொன்னபோது அவருடைய இடது கன்னத்தில் ஏதோ அசைந்தது. இருபது வருடத்தில் அதுதான் முதல்முறை என்று பிறகு ஃபாதர் எங்களிடம் சொன்னார்.

தவளையார் பழுத்த மிளகாய் நிறத்துக்கு வந்துவிட்டார். முப்பத்தைந்து வருடமாகக் கோயில் வாசலை மிதிக்காதவன் நான், என் தலையில் சிலுவையைக் குத்தலாமா, வெளிநாட்டில் என் சகாக்கள் என்ன சொல்வார்கள் என்று குதித்தார். அக்கா குறுக்கே பேசவில்லை, நேராக நின்று வாங்கிக்கொண்டார். தவளையார் மூச்சு விட நிறுத்தியபோது ஆயர் மெதுவாக, என் பெயர் போட்டு வந்துவிட்டது, படிக்காத புத்தகத்துக்கு அனுமதி கொடுத்தேன் என்று ஆகக் கூடாது, ஆகவே இதை முழுக்கப் படித்துவிடப் போகிறேன் என்றார்.

தவளையார் அப்படியே அடங்கினார். படித்தவர்களைப் பற்றி ஒன்று எனக்குத் தெரியும். அவர்கள் எதையும் தாங்குவார்கள், தங்கள் புத்தகத்தை முழுக்கப் படிப்பேன் என்று ஒருவர் சொல்வதை மட்டும் தாங்க மாட்டார்கள். முழுசாகவா என்று கேட்டார். முழுசாக என்றார் ஆயர். அப்படியென்றால் ஆறாம் அத்தியாயத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், முட்டைகளை முதுகில் சுமக்கும் ஆண் தவளை அங்கேதான் வருகிறது என்று தவளையார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படங்களைக் காட்ட ஆரம்பித்தார். தூதர் ஃபாதரும் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எந்தப் பிள்ளைக்கும் தந்தை இவ்வளவு செய்வதில்லை என்று யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். தாயும் செய்வதில்லை என்று தவளையார் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். விழா இருபத்தைந்து நிமிடம் தாமதமானது.

மேடையில் ஆயர், அக்காவிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு நாலாம் பக்கங்களையும் சபைக்கு உரக்கப் படித்தார். மண்டபம் அதிர்ந்தது. முன்வரிசைப் பேராசிரியர் ஒருவருக்குப் பல்செட் கழன்றது. சிரிப்பு ஓய்ந்ததும், இப்படி ஒரு தப்பு நடக்க வேண்டுமானால் வானதூதரும் தவளையும் ஒரே மேசையில் இருக்க வேண்டும், அந்த மேசையைப் போட்டுவைத்ததுதான் இந்தப் பதிப்பகத்தின் எழுபத்தைந்து வருட வேலை என்றார். விழாவுக்காகப் போட்ட வரலாற்று மலருக்கு நான் நாற்பது பக்கம் பிழை திருத்தியிருந்தேன். அந்த நாற்பது பக்கத்திலும் அவ்வளவு நன்றாக யாரும் சொல்லவில்லை.

விழா முடிந்து ஃபாதரின் அறையில் கூடினோம். ஆயர், துணைவேந்தர், ஃபாதர், பிறகு கூப்பிடப்பட்ட நாங்கள் இருவர். அக்காவின் கண் சிரித்துச் சிரித்துச் சிவந்திருந்தது. துணைவேந்தர் கெட்டவர் அல்ல, ஒழுங்கு பார்ப்பவர். எல்லோரும் சிரித்தது சரி, ஆனால் இப்படி ஒன்று நடந்த கையோடு நிரந்தரம் என்றால் நன்றாக இருக்காது, கோப்பு ஒரு ஆறு மாதம் இருக்கட்டும் என்றார். அக்கா தலையசைத்தார். இருபத்து மூன்றாவது கடிதத்தை இப்போதே கையில் வாங்கிவிட்டவர்போல இருந்தது அவர் முகம். 

என்ன கோப்பு என்று ஆயர் கேட்டார். பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் அவர்தான், ஆனால் இந்தக் கோப்பெல்லாம் அவர்வரை போவதில்லை. ஃபாதர் சொன்னார். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு நாள் இடைவெளி, பதினொரு வருடம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. ஆயர் முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அந்தப் பக்கம் இவங்க தப்பு," என்றார். "கண்டுபிடிச்ச கையோட எங்கிட்ட வந்து சொல்லிட்டாங்க. இந்தப் பதினோரு வருஷம் நம்ம தப்பு. இதை யாரு எங்கிட்ட வந்து சொன்னீங்க?"

 ஃபாதர் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். என் பெயரை அக்கா வருகைப் பதிவேட்டில் இருபத்திரண்டு முறை எழுதியபோது நானும் வேடிக்கை என்று சிரித்துக்கொண்டுதானே இருந்தேன்.

துணைவேந்தர் எழுந்து போய்த் தாமே கோப்பை எடுத்து வந்தார். ஆள் அனுப்பவில்லை, அதை நான் கவனித்தேன். நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டு, மையை ஊதி, அக்காவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். ஃபாதர் வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு விசில் அடிக்கலாம்போல இருந்தது, ஆயர் இருந்ததால் அடிக்கவில்லை.

அக்கா தாளைப் படித்தார். மேலிருந்து கீழ்வரை, பிறகு பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். அந்த அறையில் ஆறு நாற்காலிகள் உண்டு. எத்தனையோ கூட்டங்களுக்கு அக்கா அங்கே வந்து, சுவரோரம் நின்று, குறிப்பெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"ஃபாதர்," என்றார், "நான் கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?"

ஐந்து பேரில் நால்வர் ஒரே நேரத்தில் நாற்காலியை இழுத்தோம்.